மலையிலிருந்து கோவைக்கு: புற்றுநோய் உள்ள குழந்தையின் ஸ்கேனுக்கு முழுமையான வழிகாட்டி

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்குத் துணையாகக் கோவைக்குப் போய் வருகிறவள் நான். ஸ்கேன் எடுக்காமலே திரும்பி வந்த பெற்றோர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அதற்கான காரணம் ஸ்கேன் அறைக்குள் இருப்பதில்லை. விடியற்காலையில் கொடுத்த ஒரு வாய் டீ, ரேஷன் அட்டையில் ஏறாத குழந்தையின் பெயர், வழியெல்லாம் எடுத்த வாந்தி, வீட்டில் இருந்த சளி மருந்து என்று எல்லாமே அதற்கு முன்னாலேயே நடந்தவை. அதனால் இந்த வழிகாட்டியில் முக்கால் பாகம் ஸ்கேனுக்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பற்றித்தான்.

உங்கள் மருத்துவமனை சொல்வதற்கும் இங்கே படிப்பதற்கும் வேறுபாடு இருந்தால் மருத்துவமனை சொல்வதையே செய்யுங்கள். ஒவ்வொரு மையத்துக்கும் ஒரு நடைமுறை உண்டு.

1. எந்த ஸ்கேன், எதைப் பார்க்க என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

"ஸ்கேன் எழுதியிருக்காங்க" என்று மட்டும் தெரிந்தால் போதாது. ஒவ்வொன்றுக்கும் தயாராகும் விதம் வேறு.

சிடி ஸ்கேன் எக்ஸ்ரே கதிரில் எடுப்பது, சில நிமிடங்களில் முடியும். நுரையீரலில் பரவல் இருக்கிறதா என்று பார்க்க அதிகம் எழுதுவார்கள். எம்ஆர்ஐ காந்தத்தில் எடுப்பது, கதிர்வீச்சு கிடையாது. ஆனால் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு மேலும் அசையாமல் படுக்க வேண்டும். மூளை, தண்டுவடம், கண் கட்டிகளுக்கு இதுதான் முதன்மை. பெட் சிடியில், கதிரியக்கம் சேர்த்த சர்க்கரை மருந்தை நரம்பில் செலுத்தி, உடம்பில் எந்த இடம் அதை அதிகமாக இழுக்கிறது என்று பார்ப்பார்கள். ஹாட்ஜ்கின் போன்ற நிணநீர்ப் புற்றுநோய்களில் சிகிச்சை வேலை செய்கிறதா என்பதை இது காட்டும். எலும்பு ஸ்கேனில் ஊசி போட்டுச் சுமார் 3 மணி நேரம் கழித்துப் படம் எடுப்பார்கள். நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புத் திசுக் கட்டி உள்ள குழந்தைகளுக்கு எம்ஐபிஜி என்று தனியாக ஒன்று உண்டு. அதற்கு ஒரு நாள் போதாது.

ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளின் பெற்றோர் பலர், "எங்க பிள்ளைக்கு மட்டும் ஏன் பெட் ஸ்கேன் எழுதலை?" என்று கவலைப்படுகிறார்கள். அந்த நோயை அளப்பது ரத்தம், எலும்பு மஜ்ஜை, தண்டுவட நீர் ஆகியவற்றின் பரிசோதனைகள். ஸ்கேன் எழுதாதது அலட்சியம் அல்ல. அதே சமயம் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எழுதினால் தவிர்க்காதீர்கள். டாக்ஸோரூபிசின் வகை கீமோ மருந்துகள் இதயத்தைப் பாதிக்கலாம் என்பதால், அதைத் தொடங்கும் முன்பும் இடையிலும் முடிந்த பிறகும் பார்க்க வேண்டியிருக்கிறது.

2. தேதி வாங்கும்போதே சொல்லிவிட வேண்டியவை

கடைசி கீமோ எந்தத் தேதியில் முடிந்தது? கதிர்வீச்சு கொடுத்திருந்தால் எப்போது? மருந்தும் கதிர்வீச்சும் முடிந்த கொஞ்ச நாளைக்கு உடம்பில் வீக்கம் இருக்கும். அப்போது பெட் எடுத்தால் நோய் எது, வீக்கம் எது என்று பிரித்துப் பார்ப்பது கடினம்.

வெள்ளணுவை ஏற்றும் ஊசி, அதாவது ஃபில்கிராஸ்டிம் வகை, சமீபத்தில் போட்டிருந்தால் அந்தத் தேதியையும் சொல்லுங்கள். அந்த ஊசிக்குப் பிறகு மஜ்ஜை முழுவதும் பெட் படத்தில் ஒளிரும். அது தெரியாமல் படம் படிக்கிறவருக்குக் குழப்பம், உங்களுக்கோ பெரும் பயம்.

டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருந்தால் சொல்லுங்கள். ரத்தச் சர்க்கரை ஏறியிருக்கும், அது பெட் படத்தைக் கெடுக்கும். மார்பில் போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் பொருத்தும் சிறு கருவி) வைத்திருந்தால் அதற்கான அட்டையை எடுத்துப் போங்கள். எம்ஆர்ஐக்கு ஏற்றதா, சிடி மருந்தை வேகமாகச் செலுத்தினால் தாங்குமா என்பது அந்த அட்டையில் இருக்கும். தாங்காத போர்ட் என்றால் கையில் வென்ஃப்ளான் (நரம்பில் விட்டு வைக்கும் ஊசிக்குழாய்) போட வேண்டியிருக்கும்.

படம் தெளிவாகத் தெரிய நரம்பில் செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்து போடுவதானால், அண்மையில் எடுத்த கிரியாட்டினின் (சிறுநீரக ரத்தப் பரிசோதனை) முடிவைக் கேட்பார்கள். அந்த மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுவதுதான் காரணம். அங்கே போய் ரத்தம் கொடுத்து முடிவுக்குக் காத்திருந்தால் முறை போய்விடும். கீழே இறங்கும் முன்பே ஊட்டியிலோ குன்னூரிலோ எடுத்த முடிவு போதுமா என்று போனில் கேளுங்கள்.

3. சளி மருந்து

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. மலையில் பிள்ளைகளுக்குச் சளி பிடிக்காத மாதம் இல்லை. கடையில் சிரப் வாங்கிக் கொடுப்பதும் பழக்கம். மூக்கடைப்பைத் திறக்கும் சூடோஎஃபெட்ரின், ஃபினைல்எஃப்ரின் போன்ற மருந்துகள் எம்ஐபிஜி ஸ்கேனில் கட்டி மருந்தை இழுப்பதைத் தடுக்கும். கட்டி இருந்தும் படத்தில் தெரியாமல் போகலாம். ஸ்கேன் தேதி குறித்த நாளிலிருந்து எந்தச் சளி மருந்தையும் கேட்காமல் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் பாட்டிலையே கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

எம்ஐபிஜிக்கு முன்பே தொடங்கும் அயோடின் சொட்டு மருந்தையும் விடக் கூடாது. ஊசியில் உள்ள கதிரியக்க அயோடின் தைராய்டில் போய்ச் சேராமல் காப்பது அதுதான். சொன்ன நாளில் தொடங்கி, ஸ்கேன் முடிந்தும் சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும். ஊசி போட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ படம் எடுப்பார்கள் என்பதால் தங்குமிடத்தையும் அதற்கேற்பப் பாருங்கள்.

இன்னொன்று. மயக்க மருந்து கொடுத்து எடுக்கும் ஸ்கேன் என்றால், காய்ச்சலோடு கூடிய சளி, நெஞ்சுச்சளி இருமல் இருந்தால் மயக்க மருத்துவர் தள்ளி வைக்கலாம். மயக்கத்தில் மூச்சுக்குழல் சுருங்கும் ஆபத்து அப்போது அதிகம். இறங்குவதற்கு முதல் நாளே போன் செய்து கேட்டால் வீண் பயணம் மிச்சம்.

4. காப்பீடும் காகிதங்களும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஸ்கேன் எடுக்கப் போகிறீர்கள் என்றால், தேதி வாங்குவதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு மேசைக்குப் போங்கள். முன்அனுமதி வந்த பிறகுதான் எடுப்பார்கள். எடுத்துவிட்டுப் பிறகு கேட்டால் கிடைப்பது அரிது. எந்த ஸ்கேன் திட்டத்தில் வரும், எது வராது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மேலிருந்து வருகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் குழந்தையின் பெயர். சின்னக் குழந்தையாக இருந்தால் ரேஷன் அட்டையில் பெயர் ஏறியிருக்காது. அப்பா பெயரிலோ பாட்டி பெயரிலோ அட்டை இருக்கும். பிறப்புச் சான்றிதழை எடுத்துப் போங்கள். பெயர் சேர்க்கும் வேலையையும் இன்றைக்கே தொடங்கிவிடுங்கள். வருமானச் சான்று, ஆதார், காப்பீட்டு அட்டை, மருத்துவர் எழுதிய சீட்டு, பயாப்ஸி முடிவு, சிகிச்சைக் கோப்பு, பழைய ஸ்கேன் குறுந்தகடுகள் என்று எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். அசல் ஒன்று, நகல் இரண்டு. மழைக்காலத்தில் பையின் மேல் ஒரு பிளாஸ்டிக் உறை.

சென்னைக்கோ வேலூருக்கோ போக வேண்டியிருந்தால், புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருகிறவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் தேவை. மேட்டுப்பாளையத்திலிருந்து இரவில் நீலகிரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது.

5. ஒரு நாள் முன்னதாக இறங்குங்கள்

விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி எட்டு மணிக்குள் கோவை போய்விடலாம் என்று கணக்குப் போடுவார்கள். வெறும் வயிற்றோடு இருக்கும் குழந்தையைக் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கினால் வாந்தி எடுக்கும். வாந்தி எடுத்த குழந்தையின் உடம்பில் நீர் குறைந்து நரம்பு கிடைக்காது. வென்ஃப்ளான் போட நாலு இடத்தில் குத்துவார்கள். அதற்கப்புறம் அந்தக் குழந்தை ஸ்கேன் அறைக் கதவைக் கண்டாலே அழும்.

பெட் ஸ்கேனில் நேரம் இன்னும் கறாரானது. அதில் போடும் மருந்தின் வீரியம் 110 நிமிடத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். உங்கள் பிள்ளையின் நேரத்தைக் கணக்கிட்டு எடுத்து வைத்த மருந்து உங்களுக்காகக் காத்திருக்காது. பர்லியாருக்குக் கீழே ஒரு லாரி நின்றுவிட்டால் ஸ்கேன் போயிற்று.

முந்தின நாள் மதியமே இறங்கி, மருத்துவமனைக்கு அருகில் தங்குங்கள். தர்மசாலையோ தொண்டு அமைப்புகளின் தங்குமிடமோ இருக்கிறதா என்று சிகிச்சை தரும் மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள், அவர்கள் வேலையே அதுதான். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் உள்ளவர்களுக்கு ஊட்டி வருவதே ஒரு பயணம் என்பதால் இது இன்னும் அவசியம்.

பயண வாந்திக்கு மாத்திரை கொடுப்பதானால் மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள். சில மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும், மயக்க மருந்தோடு சேரும்போது அது முக்கியம்.

6. வெறும் வயிறு: அதிகம் தவறுகிற இடம்

மயக்க மருந்து கொடுக்கும் ஸ்கேன்களுக்குப் பொதுவான கணக்கு இது. எண்ணெய்ப் பண்டம், இறைச்சி என்று கனமாகச் சாப்பிட்டால் 8 மணி நேர இடைவெளி. இட்லி போன்ற லேசான உணவு, மாட்டுப்பால், பால் பவுடர் என்றால் 6 மணி நேரம். தாய்ப்பால் 4 மணி நேரம். வெறும் தண்ணீர் 2 மணி நேரம்.

மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மேலே வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும். உயிருக்கே ஆபத்து. "ஒரு வாய்தானே" என்று இதில் எதுவும் கிடையாது.

நம் ஊரில் டீயைச் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. "ஒண்ணும் சாப்பிடலை சிஸ்டர், டீயும் வர்க்கியும்தான்" என்று சொல்கிற அம்மாக்கள் உண்டு. பால் ஊற்றிய டீ பால் கணக்கு, 6 மணி நேரம். வர்க்கி நெய்யும் மைதாவும் சேர்ந்த பண்டம். கொடுத்திருந்தால் மறைக்காமல் நேரத்தோடு சொல்லிவிடுங்கள். திட்டினாலும் பரவாயில்லை, நேரத்தைத் தள்ளி வைத்தாவது எடுத்துவிடுவார்கள். மறைத்தால்தான் ஆபத்து.

பாட்டியிடமும் அண்ணன் அக்காவிடமும் தனியாகச் சொல்லி வையுங்கள். அம்மா பல் தேய்க்கப் போன நேரத்தில் பாவப்பட்டு ஒரு பிஸ்கட் கொடுக்கிறவர் வீட்டில் யாராவது இருப்பார். குழந்தைக்கு முன்னால் யாரும் சாப்பிடாமல் இருப்பதும் நல்லது.

பெட் ஸ்கேனுக்கு மயக்கம் இல்லாவிட்டாலும் 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். காரணம் வேறு. சாப்பிட்டால் இன்சுலின் சுரக்கும், இன்சுலின் அந்தச் சர்க்கரை மருந்தைத் தசைக்குள் தள்ளிவிடும், கட்டிக்குக் கிடைக்காது. தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் சர்க்கரை போட்ட கடுங்காப்பி கூடாது. காலை மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கிற பழக்கம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். இனிப்பு சிரப்பும் அப்படியே, மாற்று உண்டா என்று கேளுங்கள். வார்டில் குளுக்கோஸ் ட்ரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் பெட் மையத்துக்குச் சொல்லுங்கள். முந்தின இரவு சோற்றைக் குறைத்து முட்டை, கோழி, காய்கறி கொடுக்கச் சொல்கிற மையங்களும் உண்டு.

பெட், மயக்கம் இரண்டும் சேர்ந்தால் எது கடுமையோ அதைக் கடைப்பிடியுங்கள். அப்போது தண்ணீரும் கடைசி 2 மணி நேரத்துக்குக் கிடையாது.

7. பெட் ஸ்கேனுக்கு முன் குளிர் ஆகாது

மலைக் குடும்பங்களுக்கு இதை நான் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் இது நம்மைப் போன்றவர்களைத்தான் அதிகம் தொடும். கழுத்திலும் தோளிலும் முதுகெலும்பை ஒட்டியும் பழுப்புக் கொழுப்பு என்று ஒன்று இருக்கிறது. உடம்பைச் சூடாக வைப்பதே அதன் வேலை. குழந்தைகளிடமும் இளம் பிள்ளைகளிடமும் அது அதிகம். குளிர்ந்தால் அது விழித்துக்கொண்டு சர்க்கரையை எரிக்கும். பெட் படத்தில் கழுத்து முழுக்க ஒளிரும். நிணநீர்க் கட்டியும் அதே கழுத்தில்தான் இருக்கும். எது கட்டி, எது கொழுப்பு என்று சொல்வது சிரமமாகிவிடும்.

ஆகவே முந்தின நாளிலிருந்தே ஸ்வெட்டர், குல்லா, மப்ளர், காலுறை. வண்டியில் கண்ணாடியை ஏற்றி வையுங்கள். "கோவைல வேக்குது" என்று ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு ஏசி அறையில் குழந்தையை உட்கார வைப்பதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. ஊசி போட்ட பிறகு காத்திருக்கும் ஒரு மணி நேரமும் போர்வை வேண்டும். கம்பளி ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள்.

முந்தின நாள் ஓடியாடி விளையாடவும் வேண்டாம். ஊசிக்கு அப்புறம் பேச்சு, சூயிங்கம், போனில் விளையாட்டு எதுவும் வேண்டாம். எந்தத் தசை வேலை செய்கிறதோ அது மருந்தை இழுக்கும்.

8. உடம்பில் உள்ள உலோகம்

எம்ஆர்ஐக்கு முந்தின இரவே கழற்றிவிடுங்கள். வெள்ளி அரைஞாண், கொலுசு, தாயத்து, காது வளையம், கொண்டை ஊசி, சட்டையில் குத்திய ஊக்கு, ஜிப் வைத்த ஸ்வெட்டர் எல்லாம். தாயத்தைக் கழற்ற மனம் வராது. அதை ஒரு துணியில் முடிந்து, வெளியே காத்திருக்கிற தாத்தா கையில் கொடுங்கள். அந்தக் காந்தம் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும், மெஷின் ஓடாத நேரத்திலும் இழுக்கும். உள்ளே துணைக்குப் போகிற பெரியவருக்கும் இதே விதி.

9. குழந்தையிடம் என்ன சொல்வது

பொய் சொல்லாதீர்கள். "ஊசி இல்லை" என்று சொல்லி ஊசி போட்டால் அடுத்த முறை உங்களையும் நம்பாது. வீட்டில் பேசுகிற மொழியிலேயே, படுகர் வீடானால் படுகிலேயே சொல்லுங்கள்.

"கண்ணு, அந்த மெஷின் டம்டம்னு சத்தம் போடும், ஆனா உன்னைத் தொடாது. அம்மா பக்கத்துலயே இருக்கேன்." இவ்வளவு போதும். அம்மா உள்ளே வர விடுவார்களா என்று முன்பே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். எம்ஆர்ஐயில் பெரும்பாலும் விடுவார்கள். சிடியில் வெளியே நிறுத்தலாம். கர்ப்பிணித் தாய் சிடி, பெட் அறைகளுக்குத் துணை போகக் கூடாது.

கான்ட்ராஸ்ட் போட்டதும் உடம்பு சூடாகும், வாயில் ஒரு மாதிரிச் சுவை வரும், சிறுநீர் போய்விட்ட மாதிரி இருக்கும். இதை முன்பே சொல்லாவிட்டால், வளர்ந்த பிள்ளைகள் உடையிலேயே போய்விட்டோமோ என்று கூசி அசைந்துவிடுகிறார்கள்.

ஆறேழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையை மயக்கம் இல்லாமலே எம்ஆர்ஐக்குப் பழக்க முடியும். கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்து, போனில் எம்ஆர்ஐ சத்தத்தைப் போட்டு, சிலை விளையாட்டு விளையாடுங்கள். ஒரு வாரம் பழக்கினால் பலருக்கு வந்துவிடுகிறது. மயக்கம் ஒன்று குறைந்தால் வெறும் வயிறு, கண்காணிப்பு எல்லாமே குறையும்.

ஊசி வலிக்கு மரத்துப்போகும் களிம்பு கேளுங்கள். அது வேலை செய்ய ஒரு மணி நேரம் வேண்டும், போனதும் முதல் வேலையாகத் தடவச் சொல்லுங்கள்.

10. எடுத்து முடித்த பிறகு

மயக்கம் கொடுத்திருந்தால், குழந்தை நன்றாக விழித்து, தண்ணீரை வாந்தியில்லாமல் குடிக்கும் வரை கிளம்பாதீர்கள். அன்றைக்கே மலை ஏறாமல் இருப்பது நல்லது. ஏறியே ஆக வேண்டுமென்றால் பின்சீட்டில் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து தலையை நேராகப் பிடித்திருக்க வேண்டும். அரைத் தூக்கத்தில் தாடை மார்பில் படிந்தால் மூச்சு அடைபடும்.

கோவை வாடகை வண்டியில் ஏறுவதானால் நீலகிரிக்குள் வர எடுக்க வேண்டிய இ-பாஸ் பற்றி ஓட்டுநரிடம் முன்பே பேசிவிடுங்கள். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு அந்த நடைமுறை வந்தது.

பெட் எடுத்த அன்று நிறையத் தண்ணீர் கொடுத்து அடிக்கடி சிறுநீர் கழிக்க வையுங்கள், மருந்து அப்படித்தான் வெளியேறும். இரவு வரை கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் கொஞ்சம் தள்ளி இருக்கட்டும். டயப்பர் மாற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மறுநாள் வழக்கம் போல மடியில் வைத்துக் கொஞ்சலாம்.

கீமோ நடக்கிற காலத்தில் பயணத்திலோ வீடு திரும்பியோ 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால், பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியும் வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். வெள்ளணு குறைந்த உடம்பில் தொற்று மணிக்கணக்கில் முற்றும். சிகிச்சைக் கோப்போடு அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள், வண்டி இல்லையென்றால் 108.

11. அறிக்கையும் குறுந்தகடும்

அறிக்கைத் தாள் மட்டும் போதாது, குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். அங்கேயே நின்று பெயர், வயது, தேதி சரியா என்று பாருங்கள். அடுத்த முறை இதோடு ஒப்பிட்டால்தான் கட்டி சுருங்கியதா என்று சொல்ல முடியும். கூடுமானவரை அதே மையத்தில் எடுங்கள், ஏனென்றால் மெஷினுக்கு மெஷின் எண்கள் மாறும். மலையின் ஈரத்தில் ஃபிலிம்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பூஞ்சை பிடிக்கும். இடையில் வெள்ளைத்தாள் வைத்து, அடுப்பங்கரைச் சுவரில் சாய்க்காமல், பீரோவில் நிறுத்தி வையுங்கள்.

அறிக்கையை மருத்துவர் பார்ப்பதற்கு முன் நீங்களே படித்து இரவெல்லாம் அழுவதை எப்படியாவது தவிர்க்கச் சொல்வேன். சில சொற்கள் பார்க்கிறபடி இல்லை. ஹாட்ஜ்கின் பிள்ளைகளின் பெட் அறிக்கையில் டோவில் என்று 1 முதல் 5 வரை ஓர் எண் இருக்கும். கட்டியின் ஒளிர்வை ஈரலோடும் ரத்தத்தோடும் ஒப்பிட்டுப் போடும் மதிப்பெண் அது. "டோவில் 4" என்றால் நான்காம் கட்டம் என்று பொருள் இல்லை. கட்டி இருந்த இடத்தில் ஏதோ மிச்சம் என்று எழுதியிருந்தாலும் அது ஆறிய தழும்பாக இருக்கலாம். கீமோ முடிந்த மாதங்களில் குழந்தைகளுக்கு நெஞ்சில் உள்ள தைமஸ் சுரப்பி மறுபடி வளர்ந்து படத்தில் ஒளிரும். உடம்பு தேறி வரும்போது நடக்கிறது இது, நோய் திரும்பியதாக நினைத்துக் குலைந்துபோன பெற்றோர் உண்டு.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். போன முறைக்கு இப்போது என்ன மாற்றம்? இதனால் சிகிச்சை மாறுமா? அடுத்த ஸ்கேன் எப்போது?

அடுத்த தேதி மே மாத சீசனிலோ ஐப்பசி, கார்த்திகை மழையிலோ விழுந்தால், மலைப்பாதை நிலவரத்தை அப்போதே சொல்லி இரண்டு நாள் முன்பின் மாற்றலாமா என்று கேளுங்கள். சில ஸ்கேன்களில் மாற்றலாம், சிலவற்றில் கூடாது. கூடாது என்றால் மண் சரிந்து பாதை அடைபடலாம் என்று எதிர்பார்த்து, இரண்டு நாள் முன்னதாகவே கோவையில் போய் இருங்கள்.